பாறை சொல்லிவிட்டுத்தான் விழுகிறது

கல்குவாரியில் பாறை சரிந்து ஆள் இறந்தால், மறுநாள் செய்தியில் "எதிர்பாராத விதமாக" என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. 2022 மே 14 நள்ளிரவில் நம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறைகள் உருண்டு விழுந்தன. 300 அடிக்கு மேல் ஆழமுள்ள பள்ளம் அது. உள்ளே ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். மீட்கப் போனவர்கள் தலையிலும் கல் விழும் என்ற நிலை இருந்ததால் அரக்கோணத்திலிருந்து பேரிடர் மீட்புப் படை வந்தும் கடைசி உடலை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அப்போதும் "எதிர்பாராத விதமாக" என்றுதான் எழுதினார்கள். 2025 மே 20 அன்று சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டையில் அதேபோல் பாறை சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். மறுபடியும் அதே சொல்.

அந்தச் சொல்லைத்தான் இன்று கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பாறைச் சரிவு எதிர்பார்க்க முடியாத ஒன்றா? அதை எதிர்பார்ப்பதற்கென்றே ஒரு தனிப் படிப்பு இருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கத்தின் சுவரை எந்தச் சரிவில் வெட்டலாம், எவ்வளவு ஆழம் போகலாம், எந்தப் பக்கம் ஆபத்து என்று கணக்கிட்டுச் சொல்லும் பொறியியல் அது. அதன் அடிப்படை பத்தாம் வகுப்பு இயற்பியலைத் தாண்டாது. ஆகவே நம் பிள்ளைகளும் பெரியவர்களும் அதைத் தெரிந்துகொள்வதில் சிரமம் ஒன்றுமில்லை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பாறை என்றால் ஒரே கல். உண்மையில் நம் பக்கத்துக் கருங்கல் பாறைக்குள் பல திசைகளில் விரிசல்கள் ஓடுகின்றன. சில விரிசல்கள் கிடையாக இருக்கும், சில செங்குத்தாக, சில சாய்வாக. பாறை பெரும்பாலும் தன் உடம்பை உடைத்துக்கொண்டு விழுவதில்லை, இந்த விரிசல் வழியாக வழுக்கித்தான் விழுகிறது. வீட்டில் ஒரு பலகையின் மேல் செங்கல்லை வைத்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஒரு கோணம் வரை செங்கல் அசையாது. அதைத் தாண்டியதும் சரசரவென்று இறங்கும். விரிசல் முகங்கள் பலவற்றுக்கு அந்தக் கோணம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். குவாரிச் சுவருக்குள் ஒரு விரிசல் அதைவிடச் சரிவாக, பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரை நாம் அந்த விரிசலைவிடச் செங்குத்தாக வெட்டினால், விரிசலின் அடிமுனை வெளியே திறந்துகொள்ளும். மேலே இருக்கும் அத்தனை கல்லும் தாங்கல் இல்லாமல் நிற்கும். செங்கல் சோதனைதான், அளவு மட்டும் பெரிது.

இதைக் கண்டுபிடிக்க முதலில் ஒரு புவியியலாளர் திசைகாட்டியும் சாய்வுமானியும் எடுத்துக்கொண்டு பாறை முகத்தில் ஒவ்வொரு விரிசலும் எந்தத் திசையில், எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். பிறகு துளைபோட்டு உள்ளிருந்து பாறையைக் கம்பு கம்பாக வெளியே எடுப்பார்கள். அதில் பத்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமான துண்டுகள் எத்தனை சதவீதம் என்று பார்த்தாலே பாறை எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு விரிசல்கள் குறுக்காகச் சந்திக்கும் இடத்தில் ஆப்பு வடிவத்தில் கல் கழன்று வரும். அந்த இடங்களையும் குறிக்க வேண்டும். கடைசியில் ஒரு வகுத்தல் கணக்கு. பாறையைப் பிடித்து நிறுத்தும் விசையை அதை இழுத்துத் தள்ளும் விசையால் வகுக்கிறார்கள். விடை 1 என்றால் தொங்கலில் இருக்கிறது என்று பொருள். சுரங்கச் சுவர்களுக்கு 1.2, 1.3 என்று வைப்பார்கள். நீண்ட காலம் நிற்க வேண்டிய சுவருக்கு 1.5 வரை கேட்பார்கள். பாதுகாப்புக் காரணி என்று இதற்குப் பெயர்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழை பெய்தால் பாறை வழுக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வழுக்குவதைவிடத் தள்ளுவதுதான் அதிகம். பத்து மீட்டர் ஆழமுள்ள விரிசலில் தண்ணீர் நிரம்பினால் அதன் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து டன் அழுத்தம் ஏறும். பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்து வெளியே தள்ளுகிற கை அது. நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டேதான் சுரங்கம் தோண்டுகிறார்கள். நம் ஊர்க் குவாரிகளில் மோட்டார் ஓடுவது பள்ளத்தின் அடியில் தேங்கிய தண்ணீரை வெளியேற்ற மட்டும். சுவருக்குள் நிற்கிற தண்ணீரை யார் நினைக்கிறார்கள்?

இனி சட்டத்துக்கு வருவோம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் கல்குவாரிக்குப் பொருந்தாது என்று சொல்லித் திரிந்தவர்கள் உண்டு. ஆழம் எங்கும் ஆறு மீட்டரைத் தாண்டாமல், ஒரு நாளில் ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாமல், வெடியே பயன்படுத்தாமல் இருந்தால்தான் கல், கிராவல் எடுக்கும் குழிக்கு அந்தச் சட்டத்தின் பெரும்பாலான பிரிவுகளிலிருந்து விலக்கு இருந்தது. வெடி வைக்காத கல்குவாரி எங்கே இருக்கிறது? ஆகவே 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை அங்கே முழுதாகச் செல்லும். அதன் 106ஆவது விதி சொல்வதைக் கேளுங்கள். கெட்டியான பாறையில் சுவரைப் படிப்படியாக வெட்ட வேண்டும், அல்லது சரிவாக வெட்ட வேண்டும், அல்லது விழாதபடி பாதுகாக்க வேண்டும். படியின் உயரம் ஆறு மீட்டரைத் தாண்டக் கூடாது. துறையின் அனுமதி பெற்றுத்தான் அதில் மாற்றம் செய்யலாம். பள்ளத்தின் விளிம்பிலிருந்து மூன்று மீட்டருக்குள் மரமோ, தளர்ந்த கல்லோ, குப்பையோ இருக்கக் கூடாது. சுவரின் அடியைக் குடைந்து மேலே தொங்கவிடக் கூடாது.

"பெஞ்ச் போடுறது" என்று குவாரிக்காரர்கள் சொல்வது இந்தப் படியைத்தான். படி இரண்டு வேலை செய்கிறது. சுவரின் மொத்தச் சரிவைக் குறைக்கிறது. மேலிருந்து உருளும் கல்லை வழியிலேயே நிறுத்துகிறது. படியில்லாத 300 அடிச் சுவரின் உச்சியிலிருந்து ஒரு கல் உதிர்ந்தால் நான்கு வினாடியைச் சற்றுத் தாண்டும்போது தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். கீழே கம்ப்ரசர் சத்தத்தில் துளை போட்டுக்கொண்டிருப்பவருக்கு நான்கு வினாடியில் என்ன தெரியும்? தலையில் இருக்கிற பிளாஸ்டிக் தொப்பி என்ன செய்யும்?

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அனுமதிக்காகக் கொடுக்கும் சுரங்கத் திட்டங்களில் படியின் உயரமும் அகலமும் ஐந்து ஐந்து மீட்டர் என்று சமமாகப் போடுவது வழக்கம். உயரமும் அகலமும் சமம் என்றால் மொத்தச் சுவர் 45 டிகிரி. அதாவது ஓர் அடி கீழே போனால் ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி உள்ளே வந்தாக வேண்டும். 300 அடி ஆழம் போக இரண்டு பக்கமும் சேர்த்து 600 அடி போய்விடும். அடியில் வண்டி திரும்பவும் ஆள் நிற்கவும் 100 அடி வைத்துக்கொண்டால் மேலே 700 அடிக்கு 700 அடி வாய் வேண்டும். 4,90,000 சதுர அடி. ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்று வகுத்தால் பதினோரு ஏக்கருக்கு மேல் வருகிறது. குத்தகை எல்லையை ஒட்டி விட வேண்டிய இடமும், லாரி இறங்கும் பாதையும் இதில் சேரவில்லை. இப்போது உங்கள் ஊர்க் குவாரி எத்தனை ஏக்கர், எத்தனை அடி ஆழம் என்று விசாரியுங்கள். ஐந்து ஏக்கரில் 300 அடி ஆழம் என்று யாராவது சொன்னால் அங்கே படி இருக்க வழியே இல்லை. உள்ளே போய்ப் பார்க்கக்கூட வேண்டாம், கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் படி போடுவதில்லை என்பதற்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. படியாக நிற்கிற ஒவ்வொரு கல்லும் விற்காத கல். 45 டிகிரி சுவரைச் செங்குத்தாக்கினால் அத்தனையும் ஜல்லி, அத்தனையும் எம்-சாண்ட். புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகிற டாரஸ் லாரிகளை இரவில் நின்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லின் மதிப்பு தெரியும்.

சரிவின் கோணம் இப்படி ஒரு வியாபார முடிவாகிவிடுகிறது. அந்த முடிவுக்கு விலை கொடுப்பவர் யார் என்பதுதான் நம் பகுதியின் அக்கறை. குவாரியின் உச்சியில் உரிமையாளரின் அலுவலகம் இருக்கிறது, எடைமேடை இருக்கிறது. நடுவில் ஹிட்டாச்சியும் டிப்பரும். சுவரின் அடியில், முகத்துக்கு நேராக, துளை போடுகிறவரும் வெடி நிரப்புகிறவரும் நிற்கிறார்கள். ஊர் ஊராகப் போய்ப் பார்த்தால் அந்த அடித்தட்டில் தலித்துகளையும், தலைமுறையாகக் கல் உடைத்துவந்த ஒட்டர் சமூகத்தவரையும், ஒடிசா, ஜார்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்களையும்தான் அதிகம் பார்க்கிறோம். நிலம் இல்லாதவர்களுக்கு ஊரில் கிடைக்கிற வேலை அது. "அண்ணே, மேல பாத்துக்கிட்டே இருந்தா வேல ஓடுமா?" என்று ஒரு தம்பி என்னைக் கேட்டான். துளைக்கு இத்தனை என்று கூலி வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்?

1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரியானாவின் பரிதாபாத் கல்குவாரிகளைப் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னது. பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட வழக்கு அது. கொத்தடிமை முறை ஒழிப்பைப் பற்றிய தீர்ப்பாகவே அதைப் படிக்கிறோம். குவாரித் தொழிலாளருக்குச் சுரங்கச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு, அதைச் செயல்படுத்துவது அரசின் கடமை என்று அதே தீர்ப்பு சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. நாற்பது ஆண்டு ஆகிவிட்டது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்காம் கேன்யன் என்ற தாமிரச் சுரங்கம் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழம். 2013 பிப்ரவரியில் அதன் ஒரு பக்கச் சுவர் மெல்ல நகரத் தொடங்கியதைக் கருவிகள் காட்டின. ரேடார் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்துகொண்டே இருந்தார்கள். நகர்வு வேகமெடுத்தது. ஏப்ரல் 10 அன்று ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். அன்று இரவு ஒன்றரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலை சரிந்தது. பத்துக் கோடி டன்னுக்கு மேல் பாறை. ராட்சத லாரிகளும் இயந்திரங்களும் புதைந்தன. மனிதர் ஒருவருக்குக் காயம் கூட இல்லை. அடைமிதிப்பான்குளத்தில் விழுந்தது அதில் ஒரு தூசு. இங்கே நான்கு பேர்.

பெரும்பாலான பெரிய சரிவுகள் அறிகுறி காட்டாமல் வருவதில்லை. முதலில் உச்சியில், விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, மயிரிழை போல் ஒரு விரிசல் தெரியும். நாளாக ஆக அகலும். சின்னக் கற்கள் அடிக்கடி உதிரும். வறண்டு கிடந்த சுவரில் புதிதாக ஈரம் கசியும். அகலும் வேகம் கூடிக்கொண்டே போனால் நாள் நெருங்குகிறது என்று பொருள். இதைப் பார்க்க ரேடார்தான் வேண்டும் என்பதில்லை. விரிசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடையில் உள்ள தூரத்தைத் தினம் காலையில் டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதினால் போதும். சுரங்கப் பொறியாளர்கள் இன்றும் செய்கிற வேலைதான். செலவு நூறு ரூபாய் ஆகாது. ஆனால் அளந்த பிறகு "இன்று யாரும் இறங்க வேண்டாம்" என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் வேண்டும். அதுதான் இங்கே கிடையாது.

சட்டமும் அங்கேதான் கைவிடுகிறது. 1955ஆம் ஆண்டின் சுரங்க விதிகளின்படி நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்கத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும். ஐந்நூறு பேர் இருந்தால் தொழிலாளர் தரப்பு ஆய்வாளர் வேண்டும். முப்பது பேர் வேலை செய்யும் குவாரிக்கு இரண்டும் இல்லை. ஆபத்து கண்முன் தெரியும்போது இடத்தைவிட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 176ஆவது உடன்படிக்கை 1995இலேயே சொல்லிவிட்டது. இந்தியா அதில் சேரவில்லை.

ஆள் அதிகமாக இருந்து, அரசு நிறுவனமாகவும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2016 டிசம்பர் 29 அன்று ஜார்கண்ட் மாநிலம் கோட்டா மாவட்டத்து ராஜ்மகால் நிலக்கரிச் சுரங்கத்தில் சரிவு ஏற்பட்டு 23 பேர் புதைந்து இறந்தார்கள். சுரங்கம் பொதுத்துறை நிறுவனத்துடையது. இறந்தவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அதற்கடுத்த ஆண்டு வந்த நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறை, இயந்திரம் வைத்துத் தோண்டும் திறந்தவெளிச் சுரங்கத்தின் சரிவுகளை அறிவியல் ஆய்வின்படியே வடிவமைக்க வேண்டும், கண்காணிக்கவும் வேண்டும் என்று சொல்கிறது. கல்குவாரி இன்னும் 1961ஆம் ஆண்டு விதியில்தான் நிற்கிறது. ஹிட்டாச்சி என்ற பெயரே நம் ஊருக்கு வராத காலத்து விதி அது.

விலையைப் பற்றிச் சொன்னேன். மனித உயிருக்குப் போடுகிற விலையையும் பார்த்துவிடுவோம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு, மாதக் கூலியில் பாதியை அவர் வயதுக்கான எண்ணால் பெருக்கித் தர வேண்டியிருந்தது. கணக்குக்கு எடுத்த கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாயாக இருந்தது. முப்பது வயதுக்கான எண் 207.98. 7,500ஐ அதனால் பெருக்கினால் 15,59,850 ரூபாய். முதலமைச்சர் நிவாரணம் வேறு, இது வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது இல்லை என்பது பொய். ஒப்பந்தக்காரரின் ஆள் என்றாலும் குவாரி உரிமையாளர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஆனால் நடப்பது என்ன? பிரேதப் பரிசோதனைக் கூடத்து வாசலில், உடலை வாங்கும் முன்பே, ஊர்ப் பெரியவர் ஒருவரும் கட்சிக்காரர் ஒருவரும் நடுவில் நின்று ஏதோ ஒரு தொகைக்கு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். இழப்பீட்டு ஆணையரிடம் பதிவாகாத அந்தத் தாளுக்குச் சட்டத்தின் முன் மதிப்பு இல்லை என்று அழுதுகொண்டிருக்கிற பெண்ணிடம் சொல்ல ஆளில்லை. படி போட்டால் நிச்சயமாக நஷ்டம், ஆள் செத்தால் சில லட்சம், அதுவும் செத்தால்தான் என்று ஒருவர் கணக்குப் போடுகிற வரை எந்தச் சுவரும் சரிவாக நிற்காது. அந்தப் பெண்ணுக்கு முழுத்தொகையை வாங்கிக் கொடுக்கிற ஒவ்வொரு வழக்கும் அடுத்த குவாரியில் ஒரு படியைப் போட வைக்கும்.

அதற்கு முதல் சாட்சி வருகைப் பதிவேடு. சட்டப்படி வேலையாட்கள் ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும். இறந்த பிறகு "எங்கள் ஆளே இல்லை" என்பார்கள். ஆகவே குவாரிக்குப் போகிற தம்பிகள் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று இன்றே கேட்டுப் பார்க்க வேண்டும். கூலி வாங்கிய ஜிபே ரசீதையும், வேலையிடத்தில் எடுத்த படத்தையும் வீட்டில் இன்னொருவர் போனில் அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது.

குவாரியில் இறங்காதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது என்பது தமிழ்நாடு சிறுகனிம விதி. குடியிருப்பு என்பதற்கு அந்த விதி வருவாய்ப் பதிவேட்டையும் அங்கீகரித்த மனைப்பிரிவையும் பார்க்கிறது. ஊர்த்தெரு நத்தம் என்று பதிவாகியிருக்கும். காலனி பல இடங்களில் புறம்போக்கிலும், பட்டா மாற்றாத ஒப்படை நிலத்திலும் இருக்கிறது. வரைபடத்தில் வீடே இல்லாத இடம்போலத் தெரிகிற அந்தப் பக்கம்தான் குவாரி வருகிறது. வெடி வைக்கும்போது சுவரில் கீறல் விடுகிற வீடுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுமனைப் பட்டா கேட்டு நாம் நடத்துகிற போராட்டம் குவாரியைத் தள்ளி வைக்கிற போராட்டமும் ஆகும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நூறு அடி ஆழத்தைத் தாண்டிய ஒவ்வொரு குவாரிக்கும் சரிவு உறுதி ஆய்வு நடந்ததா, யார் செய்தார்கள், பாதுகாப்புக் காரணி எத்தனை என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் அண்மைக் காலத்தில் தந்த பல அனுமதிகளில் இந்த ஆய்வு ஒரு நிபந்தனையாகவே இருக்கிறது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் மத்திய அரசுடையது, கனிமவளத் துறை மாநில அரசுடையது, வெடிமருந்துக்கு இன்னொரு துறை என்று ஒருவர் மீது ஒருவர் சாய்ந்துகொள்ளும் வழக்கம் விபத்து நடந்த மறுநாள் மட்டும் மறைகிறது. மூன்று பேரையும் மாவட்ட ஆட்சியர் ஒரு நாள் ஒன்றாகக் குவாரி விளிம்பில் நிறுத்தினால் போதும்.

கல்லூரியில் புவியியலும் கட்டடப் பொறியியலும் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதிக்காகக் கொடுத்த சுரங்கத் திட்டத்தில் பள்ளத்தின் குறுக்குவெட்டுப் படம் இருக்கும். எத்தனை படி, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், கடைசி ஆழம் எவ்வளவு என்று அதில் வரைந்திருப்பார்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள். வெளியே பாதுகாப்பான தூரத்தில் நின்று எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். விளிம்புக்குப் போகாதீர்கள், விரிசல் விளிம்பில்தான் இருக்கும். இரண்டையும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைத்துத் தீர்மானம் கேட்கலாம். தலைவர் எழுத மறுத்தால் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் ஒவ்வொரு குவாரியின் உச்சியிலும் உள்ள விரிசல்கள் கணக்கெடுக்கப்பட வேண்டும்.